ஏழுக்கு வைத்த சந்தனம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே போய் நிற்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? முட்டி வலி, சர்க்கரை, அப்புறம் பாஸ்வேர்டு. பேங்குக்கு ஒன்று, கரண்ட் பில்லுக்கு ஒன்று, பிள்ளையின் பள்ளிக்கு ஒன்று. மறந்துபோச்சு, மறந்துபோச்சு என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நான் மட்டும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உம்மணாமூஞ்சி என்று நினைத்திருப்பீர்கள். விஷயம் அதுவல்ல. திரையில் ஒரு கட்டம் வந்து நின்று, உள்ளே சின்னக் கோடு மினுக்கினால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. பன்னிரண்டு வயதில் பிடித்த பயம் அது. நாற்பதைத் தாண்டியும் என்னை விடவில்லை.

எங்கள் வீடு வல்லக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இன்றைக்கு இருக்கிற கம்பெனிகளில் கால்வாசிகூட அப்போது வரவில்லை. வந்தவற்றில் ஒன்றில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம், இரும்புத் தகடுகளை அழுத்தி எடுக்கிற பிரஸ் ஷாப்பில் அப்பா சூப்பர்வைசர். ஹெல்ப்பராகச் சேர்ந்து, லைனில் நின்று, பத்தாம் வகுப்புப் படிப்போடு அந்த நாற்காலிக்கு வந்தவர். அவருடைய வலது கை ஆள்காட்டி விரலின் மேல் கணுவைத் தகடு வளைக்கும் மெஷின் எடுத்துக்கொண்டது, நான் பிறப்பதற்கு முன்னால். அந்தக் குட்டை விரலை நீட்டித்தான் என்னையும் தம்பியையும் மிரட்டுவார்.

மாடியில் ஒற்றை அறை. அதில் மூன்று பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுகிற கம்பெனியில் வேலை. மூவருக்கும் தெற்கே ஊர். அவர்களில் ஒருத்தி கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். அவளைத்தான் நான் மாடி அக்கா என்று கூப்பிடுவேன். டிப்ளமோ படித்துவிட்டு டேப் சுற்றுகிறோமே என்ற வருத்தம் அவளுக்கு உண்டு. விரல் நுனிகளில் கறுப்புப் பசை எப்போதும் ஒட்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து எடுப்பாள், மறுநாள் ஷிப்டு முடிந்து திரும்ப அதோடு வருவாள்.

அந்த வருடம் அப்பாவின் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்தார். வெளிநாட்டிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வரப்போகிறது. அதற்குள் ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் செக்ஷனில் எந்த மெஷினை எப்படி ஓட்ட வேண்டும் என்று இங்கிலீஷில் எழுதி, கம்ப்யூட்டரில் அடித்து, பிளாப்பியில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. முடியாதவர்கள் திரும்ப லைனுக்கே போகலாம் என்று மீட்டிங்கிலேயே சொல்லிவிட்டாராம். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. அடுத்த வாரம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா தன் பழைய நைலக்ஸ் புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்தாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு உறை இருந்திருக்கும்.

அப்பாவுக்கு மெஷின் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. குட்டை விரலை வைத்துக்கொண்டு டைப் அடிக்கவும் வராது. இருவருக்கும் ஷிப்டு ஒத்துப்போகிற காலை நேரங்களில் மாடி அக்கா இறங்கி வருவாள். அப்பா முக்காலியில் உட்கார்ந்து, கையைக் காற்றில் வைத்துக் காட்டிக் காட்டிச் சொல்வார். "இங்க கை வைக்கக் கூடாது. ரெண்டு பட்டனையும் சேத்து அமுத்தினாத்தான் மேலருந்து எறங்கணும். ஒன்ன மட்டும் கட்டி வச்சிகினு ஓட்டுவானுங்க, அப்டி ஓட்டக் கூடாது." அக்கா அதை இங்கிலீஷாக்கி அடிப்பாள். பக்கத்துக்குப் பக்கம் விரல் போகிற இடங்கள்தான்.

இதற்கு அப்பா ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "எங்க ஆபீஸ்ல டேட்டா என்ட்ரிக்கு ஆள் எடுக்கறாங்கம்மா. மேனேஜர்கிட்ட உன்னப் பத்தி சொல்றேன். ஆனா நீதான் இத அடிக்கிறேன்னு வெளிய மூச்சு வுடாத." அக்கா மூச்சு விடவில்லை. இரண்டு முறை மட்டும், "சார், சொன்னீங்களா?" என்று கேட்டாள். இரண்டு முறையும் அப்பா, "ஆடிட் முடியட்டும்மா" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா இல்லாத நேரத்தில், அக்கா எனக்கு அந்த நீலத் திரையைக் காட்டினாள். கம்ப்யூட்டர் உயிர் பெறும்போது ஒரு பட்டனை விடாமல் தட்டினால் வரும் திரை அது. "இங்கன போயி ஒரு பாஸ்வேர்டு வச்சா, அதச் சொல்லாம யாரும் உள்ள போக முடியாது. பாத்துக்கிட்டியா? சும்மா காட்டுதேன். நீ இங்கனலாம் கை வைக்காத, என்ன?" என்றாள். நான் பலமாகத் தலையாட்டினேன். தலையாட்டும்போதே எங்கெங்கே தட்டினாள் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தம்பி விசைப்பலகையின் மேல் ஏறி உட்கார்ந்து தட்டி, எழுதியதில் ஒரு பக்கத்தைக் காணாமல் அடித்துவிட்டான். அவனுக்கு வயது ஆறு. அக்கா அந்தப் பக்கத்தை மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள். அப்பா குட்டை விரலை நீட்டினார். "ரெண்டு மாச வேலை இதுக்குள்ள கீது. பூஜை முடிஞ்சி வெள்ளிக்கிழமை காலைல பிளாப்பில ஏத்தறேன், சனிக்கிழமை ஆடிட். அதுக்குள்ள எவனாச்சும் இதத் தொட்டீங்க, தொட்ட கைய ஒடைச்சி அடுப்புல வச்சிடுவேன்."

இந்த இடத்தில் நீங்கள் என்னை நம்ப வேண்டும். நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. அப்பா அவ்வளவு பயப்படுகிற ஒரு பொருளை நான் பூட்டிக் காப்பாற்றிக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை காலை எல்லோர் முன்னாலும் நான் வந்து பூட்டைத் திறந்தால், அவர் என் தலையில் கை வைப்பார் என்று நினைத்தேன். அதற்காகவே நம்பரைத் தேர்ந்தெடுத்தேன். கம்பெனியில் அவருடைய டோக்கன் நம்பர், 1174. அவர் டிபன் கேரியரில், ஹெல்மெட்டில், லாக்கர் சாவியில் எல்லாம் அந்த நம்பர்தான். மொபெட்டை எடுத்துக்கொண்டு அப்பா பூசணிக்காய் வாங்கப் போன நேரத்தில் பூட்டிவிட்டேன். ஒரு தடவை அணைத்துப் போட்டு, 1174 அடித்துப் பார்த்தேன். சமர்த்தாகத் திறந்தது.

மறுநாள் பூஜை. அப்பா கம்பெனியில் பூஜை முடித்துப் பொரியும் லட்டு டப்பாவுமாக வந்தார். அங்கே ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் மாலை போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தார்களாம். வீட்டில் மொபெட், தையல் மெஷின், அரிவாள்மணை, தம்பியின் சிலேட்டு, கடைசியில் கம்ப்யூட்டர். மாடி அக்காவும் தன் பங்குக்கு ஒயர் வெட்டுகிற கட்டரைக் கொண்டுவந்து வைத்தாள். அம்மா என்னிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்து, "பொட்டிக்கு ஒன்னு, டிவி மாதிரி கீதே அதுக்கு ஒன்னு, தட்டறதுக்கு ஒன்னு. போதும், பூசி மொழுகாத" என்றாள்.

நான் சொன்னபடிதான் செய்தேன். ஆனால் என் ரகசியத்துக்கும் சாமி துணை வேண்டாமா? யாரும் பார்க்காதபோது விசைப்பலகையின் மேல் வரிசையில், ஒன்று, ஏழு, நாலு ஆகிய மூன்று விசைகளுக்கும் தனியாகச் சந்தனம் வைத்தேன். ஒன்று என்ற எண் நம்பரில் இரண்டு தடவை வருகிறது என்பதால் அதற்கு இரண்டு பொட்டு. ஏழுக்கு வரும்போது கிண்ணத்தின் அடியில் தண்ணீராக இருந்தது. பொட்டு நிற்காமல் வழிந்து இறங்கியது. பாவாடையால் ஒற்றிவிட்டுக் குங்குமத்தையும் வைத்தேன். பூஜை போட்ட எதையும் அன்று தொடக் கூடாது என்பதால் கம்ப்யூட்டர் அப்படியே உறைக்குள் போனது.

வெள்ளிக்கிழமை காலை அப்பா குளித்து, விபூதி பூசி, முக்காலியில் வந்து உட்கார்ந்தார். அக்காவைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அவளுக்கு அன்று செகண்ட் ஷிப்டு. அம்மா கற்பூரம் காட்டிவிட்டு, ஈரத்துணியால் பொட்டுகளைத் துடைத்தாள். அக்கா சுவிட்சைப் போட்டாள். விசிறி உறுமியது, எண்கள் ஓடின, ஒரு கீச் சத்தம். கட்டம் வந்து நின்றது.

"இன்னா இது?" என்றார் அப்பா.

"பாஸ்வேர்டு கேக்கு சார்."

"பாஸ்வேர்டா? எவன் வச்சது?"

"தெரியல சார். புதன்கிழம நான் பாக்கையில இல்ல."

என் வேளை வந்துவிட்டது. கதவோரம் நின்ற நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அப்போதுதான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கோபத்தில் கறுத்துப் போயிருக்கிறார் என்றுதான் அன்று புரிந்துகொண்டேன். எடுத்துவைத்த அடியைப் பின்னால் வைத்தேன்.

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரருக்குப் போன் போட அப்பா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார். அக்கா வாசல்வரை அவர் பின்னால் போய்ப் போன் நம்பர் எழுதிய சீட்டைக் கொடுத்தாள். அம்மா அடுப்பங்கரையில். அறையில் யாரும் இல்லை. இப்போதே திறந்துவிட்டால் தானாகச் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள், பெருமையே வேண்டாம், தப்பித்தால் போதும் என்று பாய்ந்து உட்கார்ந்தேன். ஒன்று, ஒன்று, ஏழு, நாலு. தப்பு என்றது. மறுபடி அடித்தேன், ஒவ்வொன்றாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. தப்பு. மூன்றாவது தடவை சாமியை நினைத்துக்கொண்டு அடித்தேன். அதற்கும் தப்பு என்று சொல்லிவிட்டுப் பெட்டி கல்லாகிவிட்டது. எந்த விசைக்கும் அசையவில்லை.

எனக்கு அழுகைகூட வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே நம்பர், ஹெல்மெட்டில் தினம் பார்க்கிற நம்பர், அதுவே இல்லை என்கிறது. அப்படியானால் நான் என்ன வைத்தேன்? 1147 என்று வைத்தேனா? 1774 என்றா? யோசிக்க யோசிக்க எல்லா நம்பரும் சரி மாதிரியே இருந்தது. அதுவரை உண்மையைச் சொன்னால் அடி விழும், ஆனால் பெட்டி திறந்துவிடும். இனிமேல் சொன்னால் அடியும் விழும், பெட்டியும் திறக்காது. ஆகவே வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு வயதுக்கு அது நல்ல கணக்காகத்தான் பட்டது.

அப்பா திரும்பி வந்தார். விஜயதசமிக்குக் கடை லீவு. மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம். வந்தவர் உட்காராமல் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் குடுக்கணும். இல்லன்னா மறுபடியும் லைன்ல போயி நிக்கணும். என்கிட்ட வேலை கத்துகினவனுங்க முன்னாடி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சார், ஒரு வழி இருக்கு. பெட்டியப் பிரிக்கணும்" என்றாள் அக்கா.

"பூஜை போட்ட பொட்டியையா?" என்றாள் அம்மா.

அப்பா கையசைத்து அம்மாவை அடக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா தரையில் உட்கார்ந்து நாலு ஸ்குரூக்களையும் கழற்றினாள். மூடியை இழுத்ததும் உள்ளிருந்து தூசியும் பழைய டிரான்சிஸ்டர் வாசனையும் வந்தன. பச்சைப் பலகையின் மூலையில் நாலணா அளவுக்கு வட்டமாக ஒரு பேட்டரி பளபளத்தது. "இதுதான் சார் பாஸ்வேர்ட ஞாபகம் வச்சிருக்கது. இத எடுத்துட்டு ஒரு கால் மணி நேரம் பொறுத்தா மறந்துரும்." தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, பேட்டரியை நெம்பி எடுத்து, என் கையில் கொடுத்தாள். "கீழ போட்டுராத ட்டி."

"எழுதினது எல்லாம் அழிஞ்சிடுமா?" என்றார் அப்பா.

"அழியாது சார். அது வேற எடத்துல இருக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

அப்பா நம்பவில்லை என்பது தெரிந்தது. நானும் நம்பவில்லை. அந்தக் கால் மணி நேரத்தை எப்படிச் சொல்வேன்? மெயின் ரோட்டில் கார்களை அடுக்கிக்கொண்டு லாரிகள் போகும் சத்தம். அம்மா வல்லக்கோட்டை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டிருந்தாள், எனக்கே கேட்கும்படி. அப்பா சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்று, குட்டை விரலை மற்றக் கையால் பிடித்துத் திருகிக்கொண்டே இருந்தார். என் உள்ளங்கையில் அந்தப் பேட்டரி வியர்வையில் நனைந்து கிடந்தது. எல்லாம் அழிந்துவிட்டால் அதற்குக் காரணம் இந்தக் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் நின்றேன்.

அக்கா என் பக்கம் சாய்ந்தாள். அப்பாவுக்குக் கேட்காத குரலில், "ஏட்டி, நீ எதும் கை வச்சியா?" என்றாள்.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"சும்மா சொல்லு. நான் பேசிக்கிடுதேன்."

மறுபடியும் இல்லை என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

பேட்டரியைத் திரும்பப் போட்டு சுவிட்சைத் தட்டியதும் பெட்டி நீளமாக ஒரு கூச்சல் போட்டு, ஏதோ தப்பு என்று இங்கிலீஷில் எழுதிக் காட்டியது. அப்பா, "போச்சு" என்றார். "போகல சார்" என்று அக்கா ஒரு விசையைத் தட்டினாள். கட்டம் வரவில்லை. திரை மெதுவாக வெளுத்தது. தேதி மட்டும் எங்கேயோ இருபது வருஷம் பின்னால் போயிருந்தது. மற்றபடி அப்பா சொன்னது எல்லாம், எந்த மெஷினில் எங்கே கை வைக்கக் கூடாது என்பது எல்லாம், அப்படியே இருந்தது. அக்கா இரண்டு பிளாப்பியில் ஏற்றினாள். அது கரகரவென்று ஏறுகிற சத்தத்தை அன்று நாங்கள் நாலு பேரும் மூச்சு விடாமல் கேட்டோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களோடு சேர்ந்து சிரித்திருப்பேன்.

அப்பா பிளாப்பிகளைச் சட்டைப் பையில் வைத்து, பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பயம் இறங்கியது. இறங்கிய இடத்தில் வேறு ஒன்று ஏறியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரனைத் தேடி ஊரெல்லாம் போன் போட்ட வேலையை, டேப் சுற்றுகிற பெண் ஒரு ஹேர்பின்னால் முடித்துவிட்டாள்.

"ஏம்மா" என்றார். "எவ்ளோ சுளுவா எடுத்துட்ட."

"டிப்ளமோல சொல்லிக் குடுத்தாவ சார்."

"வச்சவங்களுக்குத்தான எடுக்கத் தெரியும்?"

அக்கா மூடியைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். "சார், நான் எதுக்கு வைக்கப் போறேன்?"

"ஆபீஸ் வேலை கேட்டுகினே இருந்த. நான் இன்னும் சொல்லல. ஆடிட்டுக்கு மொத நாள் பூட்டி வச்சா இவன் வழிக்கு வருவான்னு நெனச்சிட்ட. இன்னா?"

"சத்தியமா இல்ல சார். எங்க அம்ம மேல சத்தியமா நான் வைக்கல."

"அப்ப யாரு? என் பொண்ணு வச்சாளா? அவளுக்கு இன்னா தெரியும்?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் நாலு ஸ்குரூக்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு முடுக்கினாள். ஹேர்பின்னைத் தலையில் செருகினாள். "மாசக் கடைசியோட ரூமக் காலி பண்ணிடும்மா. நீ மட்டும்தான், மத்தப் பொண்ணுங்க இருக்கட்டும்" என்று அப்பா சொன்னபோது வாசற்படியில் இருந்தாள். "சரிங்க சார்" என்றாள். அப்பாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்: நம்பிக்கையான குடும்பத்து வீட்டில் இருக்கிறாள் என்பதால்தான் அவள் அப்பா அவளை இங்கே விட்டுவைத்திருந்தார். இந்த அறை போனால் ஊருக்குக் கூப்பிட்டுக் கல்யாணம் செய்துவைத்துவிடுவார் என்று அவளே மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை ஆடிட் நல்லபடியாக நடந்தது. வெளிநாட்டுக்காரர் அப்பாவின் பக்கங்களைத்தான் பாராட்டினாராம், கையை எங்கே வைக்கக் கூடாது என்று இவ்வளவு விவரமாக யாரும் எழுதவில்லை என்று. அப்பா மைசூர் பாகு வாங்கி வந்தார். அம்மா அதில் இரண்டு துண்டைக் கிண்ணத்தில் போட்டு மாடிக்குக் கொடுத்தனுப்பினாள். நான் படியில் உட்கார்ந்து இரண்டையும் தின்றுவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். மேலே போக எனக்குத் தைரியம் இல்லை. அந்த இரண்டு வாரமும் படியில் செருப்புச் சத்தம் கேட்டால் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. அக்கா கிளம்புகிற நாள். கீழே அப்பா, இனிமேல் யார் தயவும் வேண்டாம் என்று தானே டைப் கற்றுக்கொள்ள உட்கார்ந்திருந்தார். நடுவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தன் பேரை அடித்தார். பிறகு டோக்கன் நம்பர்.

"இங்க வாடி" என்றார். "என் நம்பர்ல ஏழு வுழ மாட்டேங்குது பாரு."

திரையில் 114 என்று இருந்தது. மறுபடியும் அடித்தார். 114. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நட்சத்திரம் விழும். அன்று நாலு விழ வேண்டிய இடத்தில் மூன்றுதான் விழுந்திருக்கும். பயத்தில் யார் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள்? நான் மறக்கவே இல்லை. நம்பர் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

அப்பா பேனாக் கத்தியால் ஏழை நெம்பி எடுத்தார். அடியில் மஞ்சளாகக் கட்டிதட்டிப்போய், வெடித்துக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார். "சந்தனம்" என்றார். பிறகு அவர் பார்வை அந்த வரிசையில் மெதுவாகப் போனது. அம்மா என்னதான் துடைத்திருந்தாலும் ஒன்றின் இடுக்கில் மஞ்சள் இருந்தது. நாலின் இடுக்கிலும் இருந்தது. வேறு எதிலும் இல்லை. அப்பா குட்டை விரலை ஒன்றின் மேல் வைத்தார். இன்னொரு முறை ஒன்றின் மேலேயே வைத்தார். ஏழு இருந்த பள்ளத்துக்குப் போனார். நாலுக்குப் போனார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் தரையைப் பார்த்தேன். தலைக்கு மேலே, மாடியில், டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. அப்பா ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பஞ்சு கொண்டா" என்றார். கொண்டுவந்தேன். மூன்று விசைகளையும் பொறுமையாகத் துடைத்தார். ஏழைத் திரும்பப் பொருத்தி அழுத்தினார். விழுந்தது. "சரியாயிடுச்சி. போயி படி" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தார். அவர் மாடிக்குத்தான் போகப்போகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மொபெட் மெயின் ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

அக்கா நாலு மணிக்கு இறங்கினாள். சிங்கப்பெருமாள் கோவில் போகிற ஷேர் ஆட்டோவில் டிரங்குப் பெட்டியை ஏற்றினார்கள். அங்கே ஒரு ஹாஸ்டலில் இடம் பார்த்திருப்பதாகவும், ஊரில் தன் அப்பா அனுமதிக்கிறவரை அங்கே இருக்கப்போவதாகவும் அம்மாவிடம் சொன்னாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். தேடிக்கொண்டு வந்துவிட்டாள். குனிந்து என் காதோரம், "ஏட்டி, நல்லா படி, என்ன. கம்ப்யூட்டரத் தொட மட்டும் பயப்படாத. தப்பு பண்ணுனாலும் பிரிச்சி மாட்டிக்கிடலாம்" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

மூன்று மாதம் கழித்து, கிருத்திகைக்குப் பால்குடம் எடுக்கப் போனபோது அவளுடைய ரூம் பெண்களை வல்லக்கோட்டையில் பார்த்தோம். அவளை அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா அன்று கோபமாக இருந்தார் என்று நினைத்தேனே, இல்லை. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். இருவரும் பயந்தோம். விலையை அவள் கொடுத்தாள். நான் பின்னாளில் கம்ப்யூட்டர் படித்ததும், அதிலேயே வேலைக்குப் போனதும் உங்களுக்குத் தெரியும். அவள் சொன்னதுபோல் பிரித்து மாட்ட நிறையக் கற்றுக்கொண்டேன். அந்த ஒன்றை மட்டும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

போன மாதம் அப்பாவுக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். எழுபதை நெருங்குகிறார், ரிடையர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. பூட்டு வைக்க நாலு இலக்கம் கேட்டது. எனக்கு வழக்கம்போல உள்ளங்கை வியர்த்தது.

"இன்னா நம்பர்பா வைக்கட்டும்?"

"எதுனா வை" என்றார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் மகளின் பிறந்த வருஷத்தை அடிக்கப் போனேன். அதற்குள் குட்டை விரல் நீண்டு என் மணிக்கட்டைத் தொட்டது.

"அந்த நம்பர் மட்டும் வேணாம்மா."

எந்த நம்பர் என்று நான் கேட்கவில்லை. மகளின் வருஷத்தை அடித்துப் போனைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அவரே, "அந்தப் பொண்ணுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

தெற்கே என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைத்தான் சொன்னேன்.